ரெக்கை ராஜாவும் ஒரு செம்புத் தண்ணியும்

ஆகாய விமானத்தில் ஏறி உட்கார்ந்து, விசிறி சுழன்று, புழுதி கிளம்பி, இனிப் பறக்க வேண்டியதுதான் பாக்கி என்கிற நேரத்தில் எவனோ ஒருத்தன் "எங்க போறீய?" என்று கேட்டுவிட்டான். அதற்காக எஞ்சினை நிறுத்தி, இறங்கி, வீட்டுக்கு நடந்து போய், ஒரு செம்புத் தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்த மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒரே ஒருத்தர்தான். அவர் எங்கள் ராஜபாளையம் ரெக்கை ராஜா. வேறு ஆள் உண்டு என்று அடித்துச் சொல்கிறவர்கள் எனக்குக் கடுதாசி போடலாம். தந்தி ஆபீசில் காலம் தள்ளினவன் நான். கடுதாசிக்கெல்லாம் அசர மாட்டேன்.

எஞ்சின் சத்தத்தில் அந்தக் கேள்வி அவர் காதில் விழுந்திருக்காதே என்று ஒரு சிநேகிதர் மடக்கினார். விழவில்லைதான். வாயசைவைப் பார்த்துவிட்டார்.

கிளம்புகிறவனை "எங்க" என்று கேட்கக்கூடாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேட்டால் போகிற காரியம் விளங்காது. திரும்பி வந்து, செத்த நேரம் உட்கார்ந்து, தண்ணி குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும். கேட்டே தீர வேண்டுமானால் "எம்புட்டு தூரம்?" என்று கேட்கலாம், அதில் தோஷமில்லை. நான் வேதக்காரன். சகுனம் பார்ப்பது பாவம் என்று எங்கள் பாதிரியார் மாதம் ஒரு தரம் பிரசங்கம் செய்வார். பிரசங்கம் முடிந்து அவர் வண்டி ஏறும்போது சபையில் ஒருத்தராவது "எங்க போறீய?" என்று கேட்டதை நான் பார்த்ததில்லை.

ராஜா பெரிய பருத்திக் குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, வீதியில் தமிழ், ஏரோப்ளேனில் இங்கிலீஷ். பருத்திக்கொட்டை எடுக்கிற எஞ்சின் வாங்கி வருகிறேன் என்று மெட்ராசுக்கு ரயிலேறினவர், ஆறு மாசம் கழித்து ஆகாச மார்க்கமாகத் திரும்பி வந்தார். கையில் பறக்கிற லைசென்ஸ், தலையில் தோல் தொப்பி, கண்ணில் கண்ணாடி, இடுப்பில் தார்ப்பாய்ச்சிக் கட்டின வேட்டி. பருத்தி எஞ்சின் என்ன ஆச்சு என்று அவர் அண்ணன் கேட்டதற்கு, "இதுலயும் எஞ்சின் இருக்கு" என்று பதில் சொன்னாராம்.

இறங்குவதற்கு ஊர்க் கண்மாய்தான் மைதானம். கண்மாய் வற்றினால் ஏரோப்ளேன், நிறைந்தால் மீன். மழைக்காலத்தில் ரெக்கை இரண்டையும் பின்னால் மடக்கி, பருத்தி மூட்டை அடுக்குகிற கிட்டங்கிக்குள் தள்ளி வைத்துவிடுவார்கள். மடக்குகிற ரெக்கையைப் பார்த்த அன்றைக்கு ஊர் வைத்த பேர்தான் ரெக்கை ராஜா. சொந்தப் பேரில் தந்தி வந்தால் தபால்காரரே "யாரு இது?" என்று கேட்டார்.

அப்போது நான் ராஜபாளையம் தபாலாபீசில் தந்தி குமாஸ்தா. புதுசாகக் கல்யாணம் ஆனவன், சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மதிக்கிறவன். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ராஜா ஜன்னலுக்கு எதிரே வந்து நின்றார்.

"தந்தி, ஒரு பிளான் திறக்கணும்."

என் பேர் அவருக்குத் தெரியும். இருந்தாலும் கடைசிவரை "தந்தி" என்றுதான் கூப்பிட்டார்.

"என்ன பிளான் ராஜா?"

"மெட்ராஸ்ல எனக்குப் பறக்கச் சொல்லிக்குடுத்த தொரை போட்ட சட்டம். கெளம்புமுன்ன ஒரு தந்தி குடுத்தா பிளான் திறந்தாச்சு. போய்ச் சேர்ந்த பொறவு ஒரு தந்தி குடுத்தா மூடியாச்சு. திறந்தவன்தான் மூடணும், வேற ஆளு மூடக்கூடாது. மூடலைன்னு வையும், ஆளு எங்கேயோ விழுந்துட்டான்னு அர்த்தம். தேடி வரணும்."

"யாரு தேடி வரணும்?"

"நீருதான்."

இதற்கென்று உள்ளூர் அச்சாபீசில் தாள் அடித்து வைத்திருந்தார். அச்சாபீஸ்காரர் கல்யாணப் பத்திரிகைக்கு வைத்திருந்த ரோஸ் காகிதத்தில் அடித்துவிட்டார். நாலு மூலையிலும் மஞ்சள், தலைப்பில் "சுபமஸ்து". அதற்குக் கீழே கட்டம் கட்டமாகப் புறப்படும் நேரம், பெட்ரோல் எத்தனை மணி நேரத்துக்கு வரும், ஆள் எத்தனை, சேரும் இடம், சேரும் நேரம். நான் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தேன். சேரும் இடத்துக்கு வந்தேன்.

"எங்க போறீய ராஜா?"

அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தொப்பியைக் கழற்றினார், வீட்டுக்குப் போனார். அரை மணி கழித்து மீசையில் தண்ணி சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார். நான் அதே கட்டத்தில் பேனாவை வைத்தபடி காத்திருந்தேன்.

"சரி ராஜா, எந்த ஊருக்கு?"

மறுபடியும் போய்விட்டார். மூன்றாவது முறை வந்து, என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, "திருச்சி" என்று அவரே எழுதினார். அன்று முதல் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். அந்தக் கட்டத்தை அவர் எழுதும்போது நான் சுவரில் தொங்குகிற காலண்டரைப் பார்க்க வேண்டும்.

ஊரும் மெள்ள மெள்ளப் பழகியது. விசிறி சுற்றிவிடுகிற மாரிமுத்துதான் முதலில் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன். ஏரோப்ளேன் கிளம்புகிற நேரத்தில் அவன் வாய் நிறைய வெற்றிலையை அதக்கிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவாயிற்று. ராஜாவின் சம்சாரமான அந்த வீட்டு அம்மா வாசல்நடையில் எப்போதும் ஒரு செம்பு தண்ணி நிறைத்து வைத்திருப்பாள். அவர் தலை தெரிந்ததும் உள்ளேயிருந்து "ஒச்சினாரா?" என்று குரல் வரும். வந்தாச்சா என்று அர்த்தம். கேலியா அக்கறையா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியாது.

சகுனத்துக்கு இப்படிப் பயப்படுகிறவர் ஆகாசத்துக்கு ஏன் பயப்படவில்லை என்று நானே ஒரு தரம் கேட்டேன். "ஆகாசத்துல எவனும் குறுக்க வந்து கேக்க மாட்டான்வே" என்றார்.

இப்படியே இரண்டு வருஷம். ஒரு பிளான்கூட மூடாமல் இருந்ததில்லை. அப்புறம் அவருக்குப் பல்வலி வந்தது.

அது மாசி கடைசி. காலை எட்டு மணிக்கு வந்தபோது இடது கன்னம் கொழுக்கட்டையாக வீங்கியிருந்தது. ஏற்கெனவே இரண்டு தரம் வீட்டுக்குத் திரும்பிவிட்டு வருகிறாராம். முதல் தரம் கடைத்தெருவில் வாழைப்பழக்காரன் கேட்டான். இரண்டாம் தரம் ஊருக்குப் புதிதாக வந்த ஸ்கூல் வாத்தியார் கேட்டார். ஆக இரண்டு செம்பு பானைத் தண்ணி. பல்வலியோடு பானைத் தண்ணி குடித்தவர்களுக்கு நான் மேற்கொண்டு எழுத வேண்டியதில்லை.

ஒரு கையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் தாளில் கிறுக்கினார். நான் ஒப்பந்தப்படி காலண்டரைப் பார்த்தேன். தாளை என் பக்கம் தள்ளிவிட்டு நடந்தார். எடுத்துப் பார்க்கிறேன், பெட்ரோல் மூன்று மணி நேரம் என்று இருக்கிறது. சேரும் இடமும் சேரும் நேரமும் வெள்ளை வெளேர் என்று இருக்கின்றன.

அவர் அதற்குள் வாசல்படியில். கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். சட்டப்படி அதுதான் என் வேலை. வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். மூன்றாவது செம்புத் தண்ணியை அந்தக் கன்னத்துக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை ஐயா. தோஷமில்லாத கேள்வியைக் கேட்டேன்.

"எம்புட்டு தூரம் ராஜா?"

திரும்பாமலே, "பக்கந்தான்" என்றார்.

எட்டரைக்குக் கண்மாய்ப் பக்கம் எஞ்சின் சத்தம் கேட்டது. பொறவு அதுவும் கேட்கவில்லை. பத்து மணி ஆயிற்று, தந்தி இல்லை. பதினொன்றரைக்கும் இல்லை. மூன்று மணி நேரப் பெட்ரோலை வைத்துக்கொண்டு எந்த ராஜாவும் நாலு மணி நேரம் பறக்க முடியாது. பன்னிரண்டுக்கு எழுந்து அவர் வீட்டுக்கு ஓடினேன்.

அந்த அம்மா வாசலிலேயே நின்றாள். என்னைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"பிளான் மூடலையா?"

"இல்லம்மா. உங்ககிட்டயாவது எங்கேன்னு ஏதும் சொன்னாவளா?"

"நான் எப்படிக் கேப்பேன்? ரெண்டு தடவை திரும்பிட்டாவ. மூணாவது தடவை என் வாயிலயும் வந்துரக்கூடாதுன்னு நான் வாசலுக்கே வரலை" என்றாள். கையில் நிறைசெம்பை அப்படியே பிடித்திருந்தாள்.

சப் இன்ஸ்பெக்டரிடம் போனேன். விவரமான மனுஷர்.

"எங்க போனாராம்?"

"தெரியாது சார்."

"நீர் கேக்கலையா?"

"கெளம்புத மனுசரை எப்படி சார்..."

"அதுவும் சரிதான், எப்படிக் கேக்க" என்று ஒப்புக்கொண்டார். "வேற ஒண்ணுமே சொல்லலையா?"

"எம்புட்டு தூரம்னு கேட்டேன். பக்கந்தான்னாவ."

சப் இன்ஸ்பெக்டர் சுவரில் இருந்த மேப்பைச் செத்த நேரம் பார்த்தார். "ஏரோப்ளேனுக்குப் பக்கம்னா எதுவே?" என்றார். மதுரை பக்கம், திருச்சி பக்கம், மலையைத் தாண்டினால் திருவனந்தபுரம்கூடப் பக்கம்தான்.

சட்டப்படி மெட்ராஸ் துரைக்கும் தந்தி அடித்தேன். பிளான் மூடவில்லை என்றேன். சேரும் இடம் எது என்று பதில் வந்தது. கேட்கவில்லை என்று அடித்தேன். ஏன் கேட்கவில்லை என்று வந்தது. வழக்கமில்லை என்று அடித்தேன். யாருடைய வழக்கம் என்று வந்தது. எல்லாருடையதும் என்று அடித்தேன்.

போலீஸ்காரர்கள் தென்காசிப் பாதையில் போனார்கள். அவர் அண்ணன் ஆட்களோடு வண்டி கட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போனார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பாதையில் மிதித்தேன். வழியில் கண்டவர்களிடமெல்லாம் ஏரோப்ளேன் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஒருத்தர் கிழக்கே கை காட்டினார், ஒருத்தர் மேற்கே காட்டினார். மிளகாய்த் தோட்டத்தில் களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவி, "இந்த வழியாத்தானய்யா போச்சு" என்றாள். உயிர் வந்தது எனக்கு. எப்போது என்று கேட்டேன். "போன வருசம்" என்றாள்.

அந்தப் பாதை நெடுகிலும் நான் அழுதுகொண்டே மிதித்தேன். ஆபீஸ் நண்பர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பல் கூசியிருக்கும், அவ்வளவுதான். கேட்காமல் விட்டு மனுஷரையே தொலைத்துவிட்டேனே என்று என்னையே ஏசிக்கொண்டேன். எந்த மலைச்சரிவில் ரெக்கை ஒடிந்து கிடக்கிறாரோ, தண்ணி கேட்டால் கொடுக்கக்கூட ஆள் உண்டோ இல்லையோ என்றெல்லாம் ஓடியது மனசு.

வன்னியம்பட்டிக்குப் பிரிகிற இடத்தில் ஊரே கண்மாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். கண்மாய்க்குள்ளே ஏரோப்ளேன் ஒரு சக்கரம் வண்டலில் புதைந்து சாய்ந்து நின்றது. கரைமேல் புளியமரத்தடியில் ராஜா கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு கீறல் கிடையாது. பக்கத்தில் ஒரு பானை, ஒரு செம்பு. கன்னம் மட்டும் இன்னும் பெரிதாகியிருந்தது.

"தந்தி, வந்துட்டீரா! மொதல்ல பிளானை மூடும்" என்றார்.

நடந்தது இதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பல் பிடுங்குகிற டாக்டரிடம் போகத்தான் கிளம்பியிருக்கிறார். ஏழு மைல். பஸ்ஸில் போனால் அவனவன் எங்கே என்று கேட்பான் என்று ஏரோப்ளேனை எடுத்திருக்கிறார். வன்னியம்பட்டிக் கண்மாயில் இறங்கி, அங்கிருந்து டவுனுக்கு நடக்கத் திட்டம். மேலே காய்ந்திருந்த மண் கீழே ஈரம்; சக்கரம் இறங்கிவிட்டது. அப்போது மணி எட்டே முக்கால். பக்கந்தான் என்று அவர் சொன்னது முழு உண்மை.

"சரி ராஜா, நடந்து போயி தந்தி குடுத்திருக்கலாமே? ஆறு மணி நேரமா இங்க என்ன செஞ்சீய?"

ராஜா ஊர்க்காரர்களைப் பார்த்தார். ஊர்க்காரர்கள் தரையைப் பார்த்தார்கள்.

முதலில் எழுந்தபோது ஆடு மேய்க்கிற ஒருத்தன் எங்கே என்று கேட்டுவிட்டான். உட்கார்ந்து தண்ணி குடித்திருக்கிறார். இரண்டாவது, மோர் கொண்டுவந்த பெண் கேட்டாள். மூன்றாவது ஒரு சின்னப்பிள்ளை. நாலாவது யாரென்று அவருக்கே ஞாபகமில்லை. ஐந்தாவது தரம் ஊர் நாட்டாமை வந்து, "ஏலே, கெளம்புத மனுசரை எங்கன்னு கேக்கலாமா? அறிவு இருக்கா ஒங்களுக்கு?" என்று எல்லாரையும் ஏசியிருக்கிறார். ஏசி முடித்து, இந்தப் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க ராஜா, எங்க போகணும்?" என்று கேட்டிருக்கிறார்.

"தெரியும்யா, கேக்கக்கூடாதுன்னு தெரியும். வாயில வந்துருதே, என்ன செய்ய?" என்றார் நாட்டாமை. பாவம், அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

காலையில் வீட்டில் குடித்த இரண்டோடு மொத்தம் ஏழு செம்பு. ஆள் அனுப்பியிருக்கலாமே என்றேன். திறந்தவன்தான் மூட வேண்டும் என்றார். அப்படியானால் நானும் இங்கே மூட முடியாது, தந்தி வந்தால்தான் மூடலாம் என்றேன். "எதிர்ல நிக்கேன், இதுக்கு மேல என்ன தந்தி?" என்றார். சட்டம் சட்டம்தான் என்றேன். அழுது முடித்த கையோடு சண்டை போட்டுக்கொண்டோம்.

அவரை சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். எதிரே வந்த ஒவ்வொருத்தனையும் பார்த்து, "வாயத் திறந்தே, கொன்னுருவேன்!" என்று கத்திக்கொண்டே போனேன். அங்கே அவர் "சேர்ந்தேன், மூடவும்" என்று எனக்குத் தந்தி கொடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பொறவு ராஜபாளையம் திரும்பி, எனக்காகக் காத்திருந்த அந்தத் தந்தியை வாங்கிப் பார்த்து, பிளானை மூடினேன். அந்த அம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். பல்லைப் பிடுங்க டாக்டருக்கு வேலையே இருக்கவில்லையாம். ஏழாவது செம்பிலேயே அது ஆடிவிட்டது.

அப்புறம் உலக மகா யுத்தம் வந்தது. தனியார் கையில் இருக்கிற ஏரோப்ளேன்களையெல்லாம் ஒப்படைக்கச் சொல்லி சர்க்கார் உத்தரவு. ராஜாவுக்குக் கெடு குறித்து, திருச்சிக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். அது ஆனி மாசம். அன்றைக்குக் காலையில் தென்காசி தந்தி குமாஸ்தா, கணவாய் வழியாகப் பேய்க்காற்று இறங்கி வருகிறது, மரமெல்லாம் சாய்கிறது என்று அடித்தார்.

"காத்து வருது ராஜா. இன்னிக்கு வேண்டாம்" என்றேன்.

"கெடு இன்னிக்குத்தான்வே. என் கையால ஒப்படைக்கணும்."

"ஒருநாள் தள்ளினா தலை போயிராது."

கேட்கவில்லை. கண் சிவந்திருந்தது. பெற்ற பிள்ளையைக் கொடுக்கப் போகிறவர் மாதிரி நின்றார். தாளை எழுதி என் பக்கம் தள்ளினார். சேரும் இடம் திருச்சி என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வாசல்வரை போகவிட்டேன்.

"ராஜா, எங்க போறீய?"

நின்றார். மெள்ளத் திரும்பினார். "தெரிஞ்சுதான் கேக்கீரா?"

"தெரிஞ்சுதான் கேக்கேன்."

அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஒரு மணி கழித்து வந்தார். நான் மறுபடி கேட்டேன். அதற்கடுத்து வந்தபோதும் கேட்டேன். மூன்றாவது செம்பை அவர் குடித்துக்கொண்டிருந்தபோது காற்று வந்துவிட்டது. கிட்டங்கியின் தகரம் இரண்டு பறந்துபோய்க் கண்மாய்க்குள் விழுந்தன. அவர் ஓடிக் கிளம்புகிற தடத்தின் குறுக்கே ஒரு பனை சாய்ந்தது.

மறுநாள் காற்று அடங்கியது. அவர் வந்தார், எழுதினார். நான் காலண்டரைப் பார்த்தேன். மத்தியானம் திருச்சியிலிருந்து தந்தி வந்தது: "சேர்ந்தேன். மூடவும். வயிறு இன்னும் தண்ணி."

ஏரோப்ளேன் போன பிறகு பிளான் போகவில்லை. பாக்கி இருந்த ரோஸ் தாளை அவர் வீணாக்கவில்லை. பஸ்ஸில் போனாலும் பிளான், மாமியார் வீட்டுக்குப் போனாலும் பிளான். புரட்டாசிச் சனிக்கிழமை எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்க நடந்து போனபோது, பெட்ரோல் என்ற கட்டத்தில் "இட்லி ஆறு, மூன்று மணி நேரம் தாங்கும்" என்று எழுதிக் கொடுத்தார். திரும்பி வந்து ஒழுங்காக மூடினார்.

பொறவு என்னைத் தூத்துக்குடிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அங்கே ஒருநாள் காலையில் ராஜபாளையத்திலிருந்து எனக்கே ஒரு தந்தி வந்தது. நானே காதால் கேட்டு, நானே கையால் எழுதினேன். ராஜா விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அந்த அம்மா அடிக்கச் சொல்லியிருந்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் தாங்கவில்லை. அன்றைக்கு நான் ராஜபாளையத்தில் இருந்திருக்க வேண்டும். வாசலை மறித்து நின்று, "ராஜா, எங்க போறீய?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். என்னை முறைத்துப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணி குடித்திருப்பார்.